வைட்டமின்தானே!

"வைட்டமின்தானே அண்ணே, ஒண்ணும் பண்ணாது."

இந்த வாக்கியத்தைச் சொன்னவன் நான்தான். போன வருஷம் தீபாவளிக்கு மறுநாள் காலை, என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். கேட்டவர் எதிர்வீட்டு அண்ணன். ஆரப்பாளையத்தில் பழைய பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பங்கள் இன்னும் நிறைய உண்டு. அவரும் முப்பத்தெட்டு வருஷம் மில்லில் பஞ்சு உடைக்கும் பகுதியில் நின்றவர். வயது எழுபத்தெட்டு. பஞ்சுத் தூசி பாதி, பீடி பாதி என்று நெஞ்சு கெட்டுவிட்டது. டாக்டர் அதற்கு சி.ஓ.பி.டி. என்று பெயர் சொன்னார். அண்ணன் அதை இளைப்பு என்பார்.

அன்றைக்கு அவர் கையில் ஒரு பொடிப் பாக்கெட். "கிளார்க்கு சார், ரத்தத்துல வைட்டமின் டி கம்மியாம். இதைக் குடிச்சா நுரையீரல் புதுசாயிரும்னு செல்போன்ல ஒரு டாக்டர் சொல்றாரு. பம்புதான் பழகிரும், விட முடியாதுங்கிறாய்ங்க. இது நல்லதுதான?" என்றார். பம்பு என்றால் இன்ஹேலர்.

முப்பத்திரண்டு வருஷம் புதுச்சேரி அரசாங்கத்தில் எழுத்தர் வேலை பார்த்தவன் நான். அதில் பன்னிரண்டு வருஷம் மருத்துவச் செலவுப் பில்களைச் சரிபார்க்கும் மேஜை. எந்தக் காகிதத்தையும் இரண்டு முறை படிக்காமல் கையெழுத்துக்கு அனுப்பமாட்டான் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அன்றைக்கு அவருடைய மருந்துச் சீட்டை நான் வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. மேலே உள்ள வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் பலகாரத் தட்டை நீட்டினேன்.

சீட்டில் வாரம் ஒன்று, எட்டு வாரம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அண்ணனுக்கு ஆங்கிலம் தெரியாது. மருந்துக்கடைப் பையன் "பால்ல கலந்து குடிங்க" என்று மட்டும் சொன்னானாம். அண்ணன் தினமும் ஒன்று குடித்தார். தீர்ந்தால் காலி உறையைக் காட்டி அடுத்ததை வாங்கினார். சீட்டு எங்கே என்று கடையில் ஒருவரும் கேட்கவில்லை. கூடவே இன்ஹேலரை நிறுத்தினார். பி.எஃப். பென்ஷன் ஆயிரத்துச் சொச்சம் வாங்குகிறவர், மாதம் அறுநூறு ரூபாய் பம்பு மிச்சம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

மார்கழி பிறந்த வாரம் அவர் மருமகள் ஓடிவந்தாள். "ஐயா, மாமா ஒரு மாதிரி பேசுறாக, வந்து பாருங்க." போய்ப் பார்த்தேன். நாலு நாளாக வாந்தி, மலச்சிக்கல், தாகம், ஓயாமல் சிறுநீர். என்னைப் பார்த்து மில் சூப்பர்வைசர் என்று நினைத்து ஷிப்ட் கணக்கு ஒப்பித்தார். நெஞ்சில் விசில் சத்தம் வாசல்வரை கேட்டது. ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் கால்சியம் எக்கச்சக்கம், சிறுநீரகம் திணறுகிறது என்றார்கள். பதினோரு நாள் உப்புநீர் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டார்.

ஏழு வாரம், 49 பாக்கெட். ஒன்றில் 60,000 யூனிட். ஆக 29,40,000 யூனிட். எழுபது வயது தாண்டியவருக்கு ஒரு நாளைக்கு 800 யூனிட் போதும் என்பது அமெரிக்க மருத்துவக் கழகம் 2010 இல் போட்ட அளவு. தினசரி 4,000க்கு மேல் வேண்டாம் என்பதும் அவர்கள் போட்ட எல்லைதான். அதாவது ஒரு பாக்கெட்டில் இருப்பது எழுபத்தைந்து நாள் தேவை. வைட்டமின் சி அதிகமானால் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். டி கொழுப்பில் கரைவது; உடம்புக் கொழுப்பில் தங்கி, நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் கசிந்துகொண்டிருக்கும். அதனால்தான் பதினோரு நாள்.

இன்னொரு கணக்கும் போட்டேன். பாக்கெட் ஒன்று 35 ரூபாய் என்றால் 49க்கு 1,715. அதே ஏழு வாரத்துக்கு இன்ஹேலர் இரண்டு போதும், ஆயிரத்து இருநூறு. காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று கூடுதலாகத்தான் செலவழித்திருக்கிறார்.

இதை எழுத ஆரம்பித்தபோது ஒரு நண்பர், "ஓய், அது அளவு தெரியாமல் குடித்த கோளாறு. வைட்டமின் டி மேல் ஏன் பழி?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் அளவு தெரியாமல் குடிக்க வைத்தது எது? எந்த மாத்திரையையும் அண்ணன் இப்படிக் குடிக்கமாட்டார். ரத்த அழுத்த மாத்திரை ஒன்று கூடிவிட்டால் பதறுகிறவர். வைட்டமின் என்ற பெயர்தான் அவரை ஏமாற்றியது, என்னையும் ஏமாற்றியது. கீரை, பழம், பால் வரிசையில் அதை உட்கார வைத்துவிட்டோம். நான் சண்டை போடுவது அந்தத் 'தானே' என்ற அசையோடு.

அடுத்தது, நுரையீரல் புதுசாயிரும் என்ற பேச்சு. இது எங்கிருந்து வந்தது என்று தேடினேன். வீட்டில் சும்மா இருக்கிற கிழவனுக்கு வேறென்ன வேலை?

முழுப் பொய்யிலிருந்து வரவில்லை. நம் ரத்தத்தின் வெள்ளணுக்கள் கிருமியோடு மோதும்போது வைட்டமின் டி இருந்தால் கதெலிசிடின் என்ற கிருமிக்கொல்லிப் புரதத்தை உண்டாக்குகின்றன என்று 2006 இல் கண்டுபிடித்தார்கள். நாள்பட்ட நெஞ்சு நோயாளிகளின் ரத்தத்தைப் பார்த்தால் வைட்டமின் டி குறைவாகவும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து, குறைவால்தான் நோய், ஊற்றினால் குணம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பென்ஷன் அலுவலக வாசலில் நரைத்த தலைகள்தான் நிற்கின்றன. ஆகவே பென்ஷன் தலையை நரைக்க வைக்கிறது என்பது போலத்தான் இது. மூச்சு வாங்குகிறவர் வெயிலில் நடப்பதில்லை. மூலையில் கட்டிலில் கிடப்பவருக்கு வைட்டமின் டி எங்கிருந்து வரும்? நோயால் குறைவு வந்திருக்கலாம் அல்லவா?

ஊகத்தை விட்டுச் சோதித்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழக மருத்துவமனையில் சி.ஓ.பி.டி. நோயாளிகள் 182 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நாலு வாரத்துக்கு ஒருமுறை ஒரு லட்சம் யூனிட், மறுபாதிக்கு வெறும் போலி மருந்து என்று ஒரு வருஷம் கொடுத்தார்கள். முடிவு 2012 இல் வந்தது. இளைப்பு முற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடுவது இரண்டு பக்கமும் ஒன்றுதான். மூச்சுத் திறனும் கூடவில்லை. ஒரே ஒரு சிறு கூட்டத்துக்கு மட்டும் பலன் தெரிந்தது: ரத்தத்தில் 10 நானோகிராமுக்கும் கீழே கிடந்தவர்கள். பிறகு லண்டன் ஆராய்ச்சியாளர்கள் இப்படிப்பட்ட மூன்று சோதனைகளின் 469 பேர் விவரத்தையும் ஒன்றாகச் சேர்த்து 2019 இல் பார்த்தார்கள். அதே பதில். 10க்குக் கீழே இருந்தவர்களுக்கு நோய் முற்றுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை.

அந்தப் பாதி என்பதை மட்டும் பிய்த்தெடுத்து வீடியோ போடுகிறார்கள். 10க்குக் கீழே என்பதை விட்டுவிடுகிறார்கள். எங்கள் அலுவலகத்தில் விதியின் முதல் வரியைக் காட்டிப் பில் போட்டு, 'ஆனால்' என்று தொடங்கும் இரண்டாம் வரியை விரலால் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே வித்தைதான். அண்ணனின் அளவு 14. குறைவுதான், ஆனால் பலன் தெரிந்த அந்தக் கூட்டத்தில் அவர் இல்லை. 2022 இல் நெதர்லாந்துக்காரர்கள் 50 நானோமோலுக்குக் கீழே, அதாவது நம் லேப் கணக்கில் 20க்குக் கீழே இருந்த 155 நோயாளிகளுக்கு வாரம் 16,800 யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இல்லை. ஆஸ்துமா கதையும் இப்படித்தான் ஆயிற்று: 2016 இல் உதவும் போலிருக்கிறது என்று சொன்ன காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, கூடுதல் சோதனைகள் சேர்ந்தபின் 2023 இல் உதவுவதாகத் தெரியவில்லை என்று மாற்றி எழுதியது. மாற்றி எழுதிய அந்த நேர்மைக்கு ஒரு வணக்கம். வீடியோக்காரர் தன் வீடியோவை மாற்றவில்லை.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் உடம்பு சார்" என்பார்கள். சரி, நம் உடம்புக்கு வருவோம். காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிற இந்தியர்களுக்கு, வழக்கமான மருந்தோடு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு லட்சம் யூனிட் வீதம் நாலு தடவை வைட்டமின் டி கொடுத்துப் பார்த்த சோதனை 2015 இல் லான்செட் குழுமப் பத்திரிகையில் வந்தது. சளியிலிருந்து கிருமி மறைய வைட்டமின் கூட்டத்துக்கு 43 நாள், போலி மருந்துக் கூட்டத்துக்கு 42 நாள். குறைபாடுள்ளவர்களிடம் பார்க்கவேண்டும் என்றால் மங்கோலியா இருக்கிறது. அங்கே 8,851 பள்ளிப் பிள்ளைகள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் 20 நானோகிராமுக்குக் கீழே. மூன்று வருஷம் வாரந்தோறும் கொடுத்தார்கள். காசநோய்த் தொற்று குறையவில்லை. 2020 இல் அறிவித்தார்கள். அந்தப் பிள்ளைகளின் ரத்த அளவு நன்றாக ஏறியது என்பதையும் சொல்லவேண்டும். எண் ஏறியது, காரியம் ஆகவில்லை.

எனக்கு இந்தக் கதையில் ஒரு பழைய பழக்கம் உண்டு. நான் படித்தது பாண்டிச்சேரியில், பிரெஞ்சு வழியில். நெஞ்சுச்சளி பிடித்த பிள்ளைக்கு 'உய்ல் த ஃபுவா த மொரு' ஒரு கரண்டி. மீன் ஈரல் எண்ணெய்தான். அந்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. மூக்கைப் பிடித்து ஊற்றிவிட்டு அம்மா ஒரு துண்டு வெல்லம் தருவார். எலும்பு வளைகிற ரிக்கெட்ஸ் நோய்க்கு அந்த எண்ணெயும் வெயிலும் மருந்து என்று பாரிஸில் துரூஸோ என்ற பெரிய மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சொன்னார்; சொன்னது சரி. நெஞ்சுக்கும் அதையே ஊற்றியது பழக்கம். பிறகு 1940களில் ஷார்ப்பி என்ற பிரெஞ்சு மருத்துவர் தோலில் வரும் காசநோய்க்கு வைட்டமின் டியை ஆறு லட்சம் யூனிட் கணக்கில் கொடுத்தார். தோல் ஆறியது, உண்மை. கால்சியம் ஏறி நோயாளிகள் அவதிப்பட்டதும் உண்மை. 1952 இல் ஐசோனியாசிட் வந்தவுடன் அந்த வைத்தியத்தை மூட்டை கட்டினார்கள். நேரடி மருந்து வந்ததும் சத்து மருந்து ஒதுங்கிக்கொண்டது. இன்றைக்கு நாம் செய்வது தலைகீழ். நேரடி மருந்தான இன்ஹேலர் கையில் இருக்கிறது; அதை அலமாரியில் வைத்துவிட்டுப் பாக்கெட்டைப் பிரிக்கிறோம்.

பிரெஞ்சுக்காரர்களைப் பற்றி இன்னொன்று, என் பழைய மேஜைக்குச் சம்பந்தப்பட்டது. 2013 இல் அங்குள்ள அரசு சுகாதார ஆணையம் உட்கார்ந்து, வைட்டமின் டி ரத்தப் பரிசோதனை யாருக்கு உண்மையில் பயன்படும் என்று பார்த்தது. ஆறே ஆறு சூழ்நிலைகளைச் சொன்னது: ரிக்கெட்ஸ் சந்தேகம், பெரியவர்களின் எலும்பு மென்மை, அடிக்கடி விழும் முதியவர், சிறுநீரகம் மாற்றியவர், உடல்பருமனுக்கு அறுவை செய்துகொள்பவர், பரிசோதனை அவசியம் என்று மருந்துக் குறிப்பிலேயே எழுதியுள்ள சில மருந்துகள். அடுத்த வருஷம் முதல் அவற்றுக்கு மட்டும்தான் காப்பீட்டுப் பணம். இங்கே? முழு உடல் பரிசோதனை என்று ஒரு பொதி விற்கிறார்கள். அதில் வைட்டமின் டி கட்டாயம் இருக்கும். பத்துப் பேர் போனால் பெரும்பாலோருக்குச் சிவப்பு எழுத்தில் 'குறைவு' என்று வரும். 30க்குக் கீழே எல்லாம் போதாது என்று அச்சடித்த தாள் அது. 20 இருந்தாலே ஏறக்குறைய எல்லோருக்கும் போதும் என்று அமெரிக்கக் கழகம் சொல்லிவிட்டது. 30 என்ற கோட்டை 2011 இல் போட்ட நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் சங்கமே, 2024 இல் அந்தக் கோட்டை இனி ஆதரிக்கவில்லை என்று கைவிட்டுவிட்டது. லேப் தாளில் கோடு அப்படியே நிற்கிறது. கோட்டை இரண்டு அங்குலம் உயர்த்தினால் ஊரே குள்ளமாகிவிடும்.

இதைப் படித்துவிட்டு யாரும் நாளைக்கே பாக்கெட்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அப்படிச் செய்தால் நான் இன்னொரு 'தானே' சொன்னவன் ஆவேன். யாருக்கு அது வேண்டும் என்பதும் எனக்குத் தெரிந்தவரை தெளிவாகவே இருக்கிறது. சி.ஓ.பி.டி. முற்றி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவருக்குக் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கவும், 10க்குக் கீழே இருந்தால் கொடுக்கவும் உலக சி.ஓ.பி.டி. வழிகாட்டியான கோல்டு அறிக்கையே சொல்கிறது. இளைப்புக்காக மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எலும்பு தேயும். அவர்களுக்குக் கால்சியமும் வைட்டமின் டியும் எலும்புக்காகத் தேவை. எலும்புக்காக என்பதைக் கவனியுங்கள். என் மனைவியின் அக்காவுக்கு அப்படித்தான் கொடுக்கிறார்கள், தினம் சிறு அளவில். நாற்பது வருஷம் விறகடுப்பில் ஊதிய நெஞ்சு அது. வீடியோ பார்க்காத மனுஷி. டாக்டர் சொன்னதைச் செய்கிறார், நன்றாக இருக்கிறார்.

வெயிலைப் பற்றிக் கேட்பீர்கள். மதுரையில் வெயிலுக்குப் பஞ்சமா என்று. பஞ்சமில்லை; நாம்தான் அதற்கு முகம் காட்டுவதில்லை. காலை ஏழு மணி இளவெயிலில் நின்றால் டி கிடைக்கும் என்று என் வீட்டிலும் ஒருத்தி தினமும் என்னை விரட்டுகிறாள். உடம்புக்கு இதம், தப்பில்லை. ஆனால் வைட்டமின் டியை உண்டாக்கும் கதிர் சாய்ந்த வெயிலில் மிகக் குறைவு. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில்தான் அது நன்றாக இறங்கும். திருப்பதியில் ஆராய்ந்தவர்கள் பகல் 11 முதல் 2 வரை என்றார்கள். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தால் சூடுதான் வரும், டி வராது. வயதான தோல் வேறு மெதுவாகத்தான் தயாரிக்கும். சித்திரை மாதம் உச்சிவெயிலில் மூச்சுத் திணறுகிறவரை நிற்கச் சொல்லுகிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. மற்ற மாதங்களில், பத்து நிமிஷம், வாசல் வேப்பமரத்துக்கு வெளியே ஒரு நாற்காலி.

அண்ணன் வீட்டுக்கு வந்த பிறகு நான் செய்த முதல் வேலை, சீட்டை வாங்கிப் படித்தது. இரண்டு முறை. இரண்டாவது, மக்கள் மருந்தகத்தில் இன்ஹேலர் விலை விசாரித்தது. கொஞ்சம் குறைவாகவே கிடைக்கிறது. மூன்றாவதுதான் கஷ்டம்: பம்பு பழகிவிடாது என்று அவரை நம்ப வைப்பது. "கண்ணாடி போட்டா கண்ணு பழகிருச்சுன்னு சொல்லுவீங்களா அண்ணே?" என்றேன். "அது சரி" என்றார், பாதி மனசோடு. அவர் இழுக்கும் முறையே தப்பு என்று நர்சம்மா கண்டுபிடித்தார்; மருந்து பாதி நாக்கில்தான் விழுந்திருக்கிறது. இப்போது ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழாய் வைத்து இழுக்கிறார், இழுத்தபின் வாய் கொப்பளிக்கிறார். பீடியை ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே விட்டார். சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டாயிற்று. சாயங்காலம் தெருக்கோடி வரை நடக்கிறோம், நடுவில் இரண்டு இடத்தில் நின்று.

மன்னிப்பும் கேட்டேன். "நீங்க என்ன பண்ணுவீக, வைட்டமின்தானே" என்றார் அவர். எனக்குச் சுருக்கென்றது. அவர் கிண்டலாகச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று இன்றுவரை தெரியவில்லை.

அவர் வீட்டுக் காலண்டர் அட்டையில் என் கையால் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: பம்பு காலை 2, ராத்திரி 2. பவுடர், டாக்டர் மறுபடி சொல்லும்வரை கிடையாது. போன வாரம் கால்சியம் பார்த்தார்கள், சரியாக இருக்கிறது. அந்த மருந்துக்கடைக்கும் ஒருநாள் போனேன், சீட்டு இல்லாமல் எப்படி 49 கொடுத்தீர்கள் என்று கேட்க. கல்லாவில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்ன பதில் உங்களுக்கே தெரியும்.